அபௌட் டர்ன்

டிசம்பர் 3
தேர்வு முகாம்

அன்புள்ள நெட்டை,

இதற்கு முன் போட்ட இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. தபால்காரர் மேல் பழியைப் போடலாம் என்று பார்த்தேன். ஆனால் அம்மாவின் கடிதங்கள் எல்லாம் ஒழுங்காக வந்து சேர்கின்றன. அதனால் அந்தச் சமாதானமும் எடுபடவில்லை. நீதான் எழுதவில்லை.

முகாம் எப்படி இருக்கிறது என்று நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பல கல்லூரிகளிலிருந்து என்.சி.சி. பெண்கள் வந்திருக்கிறோம். தகரக் கொட்டகையில் வரிசையாகக் கட்டில்கள். போர்வையை மடித்தால் ஓரம் விறைப்பாக நிற்க வேண்டும். இல்லாவிட்டால் டிரில் மாஸ்டர் அதை உதறிப் போட்டுவிட்டு மறுபடி மடிக்கச் சொல்வார். வெந்நீர் என்ற பேச்சுக்கே இடமில்லை. பெரிய அணிவகுப்பில் எங்கள் அணிக்கு யார் கமாண்டர் என்று நேற்று மைதானத்தில் குரல் தேர்வு வைத்தார்கள். கொடிக்கம்பத்தடியில் நின்று கத்தினால் கடைசிச் சுவர் வரைக்கும் கேட்க வேண்டும். என்னைத்தான் போட்டார்கள். நீ எனக்கு வெண்கலம் என்று பேர் வைத்தது வீண் போகவில்லை.

ரைட் மார்க்கராக ஒரு பேக்கரிக்காரர் மகள் நிற்கிறாள். நம் கல்லூரியில் எல்லோரும் உன்னைப் பார்த்து வரிசையை நேராக்கிக்கொண்டது போல, இங்கே வலது முனையில் நிற்கும் அவளைப் பார்த்து நேராக்கிக்கொள்கிறார்கள். காது நன்றாகக் கேட்கிற பெண். ஆனாலும் ஒவ்வொரு உத்தரவுக்கும் முன்னால் என் வலது கட்டைவிரல் தானாகத் தூக்கிக்கொள்கிறது. நேற்று மாஸ்டர் அணியை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "என்னம்மா, மார்ச் பண்றியா, இல்ல லாரிக்காரன்கிட்ட லிஃப்ட் கேக்குறியா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, அப்புறம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் அழுதேன். காய்ச்சலில் உன் இடது காது போய், வலது காதும் பாதியானதிலிருந்து அந்த விரலைப் பார்த்துத்தானே நீ நடந்தாய். விரல் எழுந்தால் உத்தரவு வருகிறது, இறங்கினால் செய். இரண்டு வருஷம் யாருக்கும் தெரியாமல் ஓட்டிவிட்டோம்.

துப்பாக்கித் தளத்தில் அந்தச் சாமர்த்தியம் செல்லாது என்று உன்னிடம் படித்துப் படித்துச் சொன்னேன். குப்புறப் படுத்துக் குறி பார்க்கிறவள், பின்னால் நிற்கிறவளின் விரலை எப்படிப் பார்ப்பாள்? மணிக்கட்டு சுளுக்கு என்று சொல்லி ஒதுங்கிக்கொள் என்றேன். சுடாவிட்டால் சான்றிதழ் கிடையாது, சான்றிதழ் இல்லாவிட்டால் சீருடை வேலை கிடையாது என்று நீ பிடிவாதம் பிடித்தாய். 'ஸ்டாப்' சொன்ன பிறகும் சுட்டாய். இலக்குத் தாளை மாற்றுவதற்குக் குழியை விட்டு ஏறிய சுண்டெலிக்கு ஒரு முழம் தள்ளி மணல் மூட்டையில் குண்டு பாய்ந்தது. முதல் வருஷப் பெண் அவள். தாளைக் கையில் பிடித்தபடி அப்படியே உறைந்து நின்றாள். நீ அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டிருந்தாய். அதனால்தான் உன் காதைப் பற்றி, நமக்குப் பயிற்சி கொடுக்கும் மேடத்திடம் சொன்னேன். எனக்கு வேறு என்ன வழி இருந்தது, நீயே சொல்.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

வெண்கலம்


டிசம்பர் 14
வீடு

மாண்புமிகு கமாண்டர் அவர்களுக்கு,

திட்டியாவது எழுது என்று உத்தரவு வந்திருக்கிறது. கீழ்ப்படிகிறேன்.

'மேடத்திடம் சொன்னேன்.' எவ்வளவு அடக்கமாக எழுதியிருக்கிறாய். மேடம் உனக்குக் கை எட்டும் தூரத்தில் நின்றார். அவர் காதோடு சொல்லியிருக்கலாம். ஓடி வந்து என் தோளைத் தொட்டிருக்கலாம். நீ என்ன செய்தாய்? கொடிக்கம்பத்திலிருந்து கடைசிச் சுவர் வரைக்கும் கேட்கும் அதே குரலில், "அவளுக்குக் காது கேக்காது" என்று கத்தினாய். தளத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. எனக்கு மட்டும்தான் கேட்கவில்லை.

பக்கத்தில் படுத்திருந்தவள் என் கையைப் பிடித்து இழுத்ததும் தலையைத் தூக்கினேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குறி நன்றாக விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பெல்லாம் கூசுகிறது. நீ என்ன கத்தினாய் என்று அப்புறம் எனக்கு எழுதிக் காட்டியது யார் தெரியுமா? சுண்டெலி. நான் சாகடித்திருக்கக்கூடிய அந்தப் பெண், உன் வார்த்தையை எழுதிக் காட்டிவிட்டு, "அக்கா, எனக்கு ஒண்ணும் ஆகல, அழாதீங்க" என்று வாயசைத்தாள்.

நான் சுட்டது தப்பு. அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் உயிரோடு இருந்திருக்க மாட்டேன். அதில் எனக்கு உன்னோடு வழக்கு இல்லை. நீ சொன்னதில்கூட இல்லை. என்றைக்காவது ஒருநாள் வெளியே வரத்தான் போகிறது. ஆனால் என்னிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டியதை ஊருக்கெல்லாம் சொல்லி, கடைசியில் மிச்சம் மீதியை என்னிடம் சொல்ல வந்தாய் பார், அதுதான் ஆறவில்லை.

இங்கே நிலவரம்: பெல்ட், தொப்பி, சீருடை எல்லாம் ஸ்டோரில் திருப்பிக் கொடுத்தாயிற்று. பூட்ஸை மட்டும் வாங்கவில்லை. "இந்த சைஸ் யாருக்கும்மா பொருந்தும், நீயே வெச்சுக்கோ" என்று ஸ்டோர்க்காரர் தள்ளிவிட்டார். நெட்டையாகப் பிறந்ததில் கிடைத்த ஒரே லாபம். "படிச்சது போதும்" என்றார் அப்பா. அண்ணன் யாரையோ பிடித்து ஒரு அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் சேர்த்துவிட்டான். அங்கே மெஷின் ஓடுகிற சத்தத்தில் யாருக்குமே யார் பேசுவதும் கேட்காது. எல்லோரும் கையால்தான் பேசுகிறார்கள். எனக்கு ஏற்ற இடம்.

இனி எழுதாதே. விரலையும் கொஞ்சம் அடக்கி வை, மாஸ்டர் பாவம்.

நெட்டை


டிசம்பர் 23
தேர்வு முகாம்

நெட்டை,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். உத்தரவு போடுவது என் வேலை.

நான் வரிசையின் அந்தப் பக்க முனையில் நின்றேன். 'ஸ்டாப்' என்று கத்தினேன். அப்புறம் உன்னைக் கூப்பிட்டேன், தொண்டை கிழியக் கூப்பிட்டேன். உன் கை நிற்கவில்லை, தோட்டா ஏறிக்கொண்டிருந்தது. நான் ஓடி வருவதற்குள் நீ மறுபடி சுட்டிருப்பாய். உன் பக்கத்தில் படுத்திருந்தவள் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். அவள் உன் கையைப் பிடிக்க வேண்டும், ஏன் பிடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அதற்காக என் வாயில் வந்ததுதான் அந்த வார்த்தை. அது மேடத்துக்குச் சொன்னது இல்லை, ஊருக்குச் சொன்னதும் இல்லை. அவள் பிடித்தாள். நீ தலையைத் தூக்கினாய். சிரித்தாய். நெட்டை, நீ சிரித்ததை நானும் பார்த்தேன். தூங்கப் போகும்போதெல்லாம் அதுதான் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது.

போன கடிதத்தில் 'மேடத்திடம் சொன்னேன்' என்று மழுப்பியது தப்புதான். உண்மையை எழுத எனக்குத் துணிச்சல் வரவில்லை.

இப்போது ஒரு விஷயம் கேட்க வேண்டும். என் முன்னால் இரண்டு வழி இருக்கிறது. அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் எனக்கு இடம் கிடைக்கும் போலிருக்கிறது. போனால் வருஷக்கணக்கில் ஊர்ப் பக்கம் வர முடியாது. இன்னொன்று, மேடம் என்னை நம் கல்லூரியிலேயே ஜூனியர்களுக்குப் பயிற்சி கொடுக்க இருக்கச் சொல்கிறார். அப்படி இருந்தால் உன்னையும் கூட வைத்துக்கொள்ள அவரிடம் பேசியிருக்கிறேன். துப்பாக்கி கிடையாது, டிரில் மட்டும். வரிசையில் ஒருத்தி அரை அடி பிசகினாலும் உன் கண்ணுக்குத் தப்பாது என்று மேடத்துக்கும் தெரியும், சரி என்றார். நீ 'இரு' என்று சொன்னால் இருந்துவிடுவேன். சத்தியமாக எனக்கு அதுதான் ஆசை. நீ இல்லாத மைதானத்தில் நான் வெறுமனே கத்திக்கொண்டிருக்கிறேன்.

வலது காது இப்போது எப்படி இருக்கிறது? டாக்டரிடம் போனாயா? அணிவகுப்பு முடிந்து பிப்ரவரி தொடக்கத்தில் ஊருக்கு வருவேன். பள்ளிக்கூடத்தில் நாம் போட்ட ஒப்பந்தம் ஞாபகம் இருக்கிறதா? எங்கே இருந்தாலும், எவ்வளவு பெரிய சண்டையில் இருந்தாலும், ஒருத்தி 'அபௌட் டர்ன்' சொன்னால் மற்றவள் திரும்பியே ஆக வேண்டும். பரீட்சை ஹாலில் நீ முணுமுணுத்து, நான் எழுந்து திரும்பி நின்று, காப்பி அடித்தேன் என்று என்னை வெளியே அனுப்பினார்களே. அதற்கே நான் உன்னை மன்னித்தேன்.

வெண்கலம்


ஜனவரி 8
வீடு

அடியே வெண்கலம்,

பரீட்சை ஹாலை இழுத்துவிட்டாயே. அழுகிற கடிதத்தில் சிரிக்க வைப்பது என்ன நியாயம்? அச்சகத்தில் மதிய இடைவேளையில் படித்தேன். நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்து, கட்டிங் மெஷின் அண்ணன் தலைக்குப் பக்கத்தில் விரலைச் சுழற்றிக் காட்டினார். கழன்றுவிட்டதா என்று கேட்கிறார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

கோபம் போய்விட்டதா என்று என்னை நானே கேட்டுப் பார்த்தேன். முழுசாகப் போகவில்லை. அடியில் கொஞ்சம் தங்கியிருக்கிறது. ஆனால் ஒன்று யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு நீ பின்னால் நின்று தொண்டை கிழிய என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறாய். எனக்குக் கேட்கவில்லை என்பதால் நீ கூப்பிடவே இல்லை என்று இத்தனை நாள் இருந்துவிட்டேன். அது என் பக்கத்துத் தப்பு.

காதைப் பற்றிக் கேட்டிருந்தாய். வலது காது நன்றாகத்தான் இருக்கிறது. அம்மா கூப்பிட்டால் மட்டும் கேட்பதில்லை. அது முன்பும் கேட்டதில்லை.

நீ இருக்க வேண்டுமா, போக வேண்டுமா என்று என்னைக் கேட்கிறாய். கடிதத்தில் சொல்ல மாட்டேன். காகிதத்தில் 'இரு' என்று எழுதினால் கெஞ்சுவது போல இருக்கும், 'போ' என்று எழுதினால் என் கை ஒடிந்துவிடும். நேரில் வந்து கூப்பிட்டுப் பார். தினமும் ஆறு மணிக்கு வேலை முடிந்து அச்சகத்தின் முன் கேட்டுக்கு வெளியே நிற்பேன். சுவரை ஒட்டி ஒரு பெட்டிக்கடை இருக்கிறது, அதுதான் அடையாளம். ஓடி வந்து கட்டிப்பிடிக்கிற வேலையெல்லாம் வேண்டாம். பின்னால் நின்று, முறைப்படி, 'அபௌட்' என்று இழுத்து, 'டர்ன்' என்று வெட்டிச் சொல். நான் திரும்பினால் நீ இங்கேயே இரு. திரும்பாவிட்டால் பேசாமல் போய்விடு.

பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டு வைத்திருக்கிறேன். அண்ணன் கேலி செய்கிறான். செய்யட்டும்.

நெட்டை


பிப்ரவரி 11
ஊரிலிருந்து

நெட்டைக்கு,

அணிவகுப்பு நன்றாக நடந்தது. அதைப் பற்றி எழுதுவதற்கு இப்போது ஒன்றுமில்லை.

சனிக்கிழமை வந்தேன். நீ எழுதிய கேட், நீ எழுதிய நேரம். பெட்டிக்கடைக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து, ரோட்டுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாய். காலில் பூட்ஸ். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஒரு வகுப்பறை நீளம் தள்ளி உன் பின்னால் நின்று, தொண்டையைச் சரி செய்துகொண்டு, சொன்னேன். நீ கேட்ட மாதிரியே முறைப்படி சொன்னேன். சைக்கிளில் போனவர் பிரேக் போட்டார். பெட்டிக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். மாடியில் துணி உலர்த்திய ஒரு அம்மாகூடத் திரும்பினார். நீ திரும்பவில்லை. காற்றில் போயிருக்கும் என்று இன்னொரு தடவை சொன்னேன். உன் தோள்பட்டைகூட அசையவில்லை. கால்களைச் சேர்த்து, கைகளை விலாவோடு ஒட்டி, அட்டென்ஷனில் நின்றாய். திரும்ப மாட்டேன் என்று அதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

முன்னால் வந்து கெஞ்சியிருக்கலாம். ஒரு அடி எடுத்தும் வைத்தேன். ஆனால் திரும்பாவிட்டால் பேசாமல் போய்விடு என்று நீதான் எழுதினாய். வலது காது நன்றாக இருக்கிறது என்றும் நீதான் எழுதினாய். அடியில் தங்கியிருப்பதாகச் சொன்ன அந்தக் கோபம் கொஞ்சம் இல்லை என்று புரிந்துகொண்டேன். எல்லோர் முன்னாலும் உன்னை நான் அவமானப்படுத்தினேன். எல்லோர் முன்னாலும் நீ எனக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டாய். கணக்கு நேர் என்று வைத்துக்கொள்வோம்.

பயிற்சிக் கழகத்துக்குச் சம்மதம் எழுதிப் போட்டுவிட்டேன். நாளைக் காலை ரயில். விலாசம் எழுதவில்லை. எழுதினால் தினமும் தபால் பார்ப்பேன், அது எனக்கு வேண்டாம். மேடத்திடம் உன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், நான் இல்லாவிட்டாலும் ஜூனியர்களைப் பார்த்துக்கொள்ள உன்னைக் கூப்பிடுவார். போ. சுண்டெலிக்குத் திருப்பம் இன்னும் சரியாக வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வெண்கலம்


பிப்ரவரி 15
வீடு

வெண்கலம்,

நேற்று காலையில் உன் வீட்டுக்கு ஓடினேன். உன் அம்மா கதவைத் திறந்து என்னென்னவோ சொன்னார். சொல்லிக்கொண்டே அடுப்பைப் பார்க்க உள்ளே திரும்பிவிட்டார், வாயைப் பார்க்க முடியவில்லை. அப்புறம் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, கையை ரயில் மாதிரி நீட்டிக் காட்டினார். இந்தக் கடிதத்தை அவரிடம்தான் கொடுக்கப் போகிறேன். உன் விலாசம் வந்ததும் அனுப்பச் சொல்லிக் காலைப் பிடிப்பேன்.

காதைப் பற்றி நான் எழுதியது பொய். டிசம்பர் கடைசியிலேயே வலது காதும் போக ஆரம்பித்துவிட்டது. மெஷின் சத்தம் ஒருநாள் திடீரென்று தூரமாகப் போனது. மெஷினை நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்துக் கையை நீட்டினேன், கட்டிங் அண்ணன் என் கையைத் தட்டிவிட்டார். மிச்சம் இருப்பதும் நிற்காது என்று டாக்டர் என் அண்ணனிடம் சொன்னார். ஜனவரி முடிவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. உனக்கு எழுதவில்லை. எழுதினால் நீ பரிதாபப்பட்டு இங்கேயே இருந்துவிடுவாய். பரிதாபத்துக்காக இல்லாமல் எனக்காக நீ இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பாவி, அதுதான் என் ஆசை.

யார் குரல் கேட்காமல் போனாலும் உன் குரல் எனக்குக் கேட்கும் என்று நம்பினேன். என்ன பைத்தியக்காரத்தனம் என்று தோன்றும். ஆனால் நிஜமாக நம்பினேன். அச்சகத்தில் பெரிய மெஷின் ஓடினால் தரை வழியாகக் காலுக்கு வரும். உன் குரலும் அப்படி வரும், பூட்ஸ் போட்டிருந்தால் இன்னும் நன்றாக வரும் என்று கணக்குப் போட்டேன். அதற்காகத்தான் பூட்ஸ். பிப்ரவரி பிறந்ததிலிருந்து தினமும் நின்றேன். உனக்குக் கூப்பிட வசதியாக இருக்கட்டும் என்று ரோட்டுக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

சனிக்கிழமை பெட்டிக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார் என்று எழுதியிருக்கிறாயே. அவர் எட்டிப் பார்த்ததை நானும் பார்த்தேன். எனக்குப் பின்னால் எதையோ வேடிக்கை பார்த்தார். நீயாக இருக்குமோ என்று தோன்றியது. திரும்பிப் பார்த்திருக்கலாம். கழுத்தை லேசாகத் திருப்பியிருந்தாலே போதும். ஆனால் உத்தரவு வராமல் திரும்பக் கூடாது என்றுதானே நாம் படித்தோம். ஊகத்தில் திரும்புகிறவள் மார்க்கர் இல்லை என்று நீயே எத்தனை தடவை கத்தியிருக்கிறாய். நீயாக இருந்தால் கட்டாயம் கேட்கும், கேட்டதும் திரும்பலாம் என்று விறைப்பாக நின்றேன். எவ்வளவு அழகாக நிற்கிறேன் என்று நீ பார்க்க வேண்டும் என்பதற்காகக் கையை விலாவோடு ஒட்டிக்கொண்டேன்.

எனக்குக் கோபம் இல்லை வெண்கலம். அடியில் தங்கியிருந்ததுகூடக் கரைந்துவிட்டது. நான் திரும்பவில்லை என்று நீ நினைக்காதே. என்னைக் கூப்பிட்டது எனக்குத் தெரியாது. இதை மட்டும் உன்னிடம் சொல்லிவிட்டால் போதும், மற்றதெல்லாம் எப்படிப் போனாலும் போகட்டும். உன் குரலை ஞாபகத்திலிருந்து எடுத்துப் பார்க்கிறேன். 'அபௌட்' என்று நீ இழுப்பது வருகிறது. அதற்கு அப்புறம் வரவில்லை.

உன் கடிதம் வியாழக்கிழமை மதியமே வந்துவிட்டதாம். நான் வேலையில் இருந்தேன். அது வீட்டு மேஜை மேல் கிடக்க, நான் அன்றைக்கும் ஆறு மணிக்குக் கேட்டுக்கு வெளியே வந்து, சுவரைப் பார்த்து, இருட்டும் வரை உனக்காக நின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

நெட்டை